வேலிக்கு வெளியே எத்தனை பேர்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடத்தில் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால். ஸ்டாம்ப் வாங்கப் போனபோது தபால் ஆபீஸ் பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "பதினாலாம் நம்பர் பஸ் ஏறினா அரை மணி நேரம்தானே டீச்சர்?" என்றாள். "பஸ் போகும்மா, பேச்சு போகாது" என்றேன்.

வார்டு கூட்டத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். மாநகராட்சியின் விளையாட்டுத் துறை அதிகாரியாக நீ மேடையில் நின்று எங்கள் தெரு மைதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். நான் எழுந்து, பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். நீ பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாய். அவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பார்வை மேடையின் கடைசி நாற்காலி வரை போனதும் கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு என்னை மன்னித்துக்கொள். கேள்வியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். சாவி இன்னும் கிடைக்கவில்லை.

நீ நல்லது செய்யவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஜனவரிக்கு முன்னால் அது மைதானமா? லாரி நிறுத்துகிற இடம். நீ மண் கொட்டிச் சமப்படுத்தினாய். வேலி போட்டாய், விளக்குப் போட்டாய். தள்ளினால் சுற்றுகிற இரும்புக் கதவு வைத்து, அதற்கு மேலே எண்ணிக்கை காட்டும் பெட்டியும் வைத்தாய். சுவரில் "எல்லோரும் விளையாடுவோம்" என்று எழுதினாய். எழுத்து அழகாக இருக்கிறது.

ஆனால் அந்த லாரிகளுக்கு நடுவே தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாலிபால் ஆடிய பெண்கள் இப்போது ஆடுவதில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற மூன்று பேர், கண்டக்டர் அம்மா, தையல்காரி, இன்னும் சிலர். வலையின் ஒரு நுனியை மின்கம்பத்திலும் மறு நுனியை ஏதாவது ஒரு லாரியிலும் கட்டுவார்கள். லாரி கிளம்பினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அப்படியும் ஆடினார்கள். இப்போது ஏழு நாளைக்கு முன்னால் போனில் பதிவு செய்ய வேண்டும், பத்துப் பேர் பட்டியல் வேண்டும், சீருடை வேண்டும், பயிற்சியாளர் கையெழுத்து வேண்டும். அவர்களிடம் இருப்பது ஒரு பந்து மட்டும்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் ஐந்திலிருந்து ஆறு மணி வரை, பதிவு இல்லாமல் கதவைத் திறந்துவிடு.

நீ சின்ன வயதில் ஆடப் போகும்போது உன் சைக்கிளுக்குப் பூட்டு இல்லை. நான்தான் வேலிக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ போட்ட கோல் எல்லாவற்றையும் கம்பி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, வேலி என்றால் வெளியே நிற்பவர்கள்தான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறார்கள்.

உன் அத்தான் நலம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

ஒன்று. பதிவு முறை என் ஆசைக்காக வந்ததல்ல. முன்பு ஒரு மைதானத்தைச் சும்மா திறந்துவிட்டோம். மூன்றாவது நாள் இரண்டு கிரிக்கெட் கோஷ்டிகள் ஸ்டம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டன. நான்கு பேருக்குத் தையல். விசாரணைக்குப் போனது நான்.

இரண்டு. பட்டியலும் சீருடையும் இருந்தால்தான் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். வகுப்பறையில் நீயே பேர் தெரியாத பிள்ளையை உட்காரவிட்டிருப்பாயா?

மூன்று. போன மாதம் மட்டும் எண்ணிக்கைப் பெட்டியில் 4,812. இந்த நகரத்தில் எந்த மைதானமும் இதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. ஜூலை 20-ஆம் தேதி மாநகராட்சி மன்றக் கூட்டம். இதே மாதிரியில் இன்னும் பதினோரு மைதானங்களுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். மூன்று வருட உழைப்பு, அக்கா.

நான்கு. உன் தோழிகள் முறைப்படி பதிவு செய்யட்டும். யாரும் தடுக்கவில்லை.

ஐந்து. நீ அன்றைக்கு எழுந்து கேட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு ஆணையர் என் பக்கம் குனிந்து, "உங்க அக்காவா சார்?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். "நல்லா கேக்கறாங்க" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 20-ஆம் தேதி பார்வையாளர் பகுதிக்குத் தயவுசெய்து வராதே.

சாவியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து பத்தியில் சண்டை போடத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். சரி, நீ சொன்னபடியே பதிவு செய்தோம். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நர்ஸைக் கேப்டனாகப் போட்டோம். பத்துப் பேரைச் சேர்த்தோம், சீருடைக்குத் தையல்காரி பொறுப்பேற்றாள். பயிற்சியாளர் கையெழுத்துக்காக உன் ஆபீஸ் பட்டியலில் இருந்த ஒருவரைத் தேடிப் போனோம். அவர் எங்கள் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல யாரு ஆடப் போறாங்க, யாரு கூட வந்தவங்க?" என்றார். கண்டக்டர் அம்மா விடவில்லை. "டிக்கெட் வாங்கினவங்க எல்லாரும் ஆடுவோம். நீங்க கையெழுத்து போட்டுட்டு இறங்குங்க" என்றாள். போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி கிடைத்தது. திங்கட்கிழமை நர்ஸுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. சலவைக்கடையில் ஒரு கல்யாண ஆர்டர், மூன்று பேரும் வர முடியவில்லை. ஆள் குறைந்தால் ரத்து. அடுத்த வாரமும் அதேதான். இரண்டு முறை ரத்தானால் அந்த போன் நம்பருக்கு ஒரு மாதம் தடையாம். ஷிப்ட் வேலை பார்க்கிறவளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என்பது யாரோ எழுதுகிற நாள், தம்பி. அவள் கையில் இருப்பது இன்றைய சாயங்காலம் மட்டும்தான்.

பேர் தெரியாத பிள்ளையை உட்காரவிட்டிருப்பாயா என்று கேட்டாய். விட்டிருக்கிறேன், அதுவும் பலமுறை. முதலில் உட்காரவை, பேரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் முப்பத்து நான்கு வருட வழக்கம். இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தாறு பேர் வந்தால் தலைமையாசிரியர் பலகையில் 36 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எனக்கு வேலை அந்த நான்கு பேரிடம். ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஒருவனுக்குச் செருப்பு அறுந்திருக்கும். போய்க் கேட்டால்தான் தெரியும்.

அதனால் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன், ஐந்திலிருந்து ஏழு மணி வரை. வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரையும் கேட்டு, விலாசத்தோடு காரணத்தையும் எழுதியிருக்கிறேன். போனில் பதிவு செய்யத் தெரியவில்லை. டீம் இல்லை. கழிப்பறை பூட்டியிருக்கிறது. வாசல் அந்தப் பக்கம், பஸ் இந்தப் பக்கம், நடுவில் விளக்கு இல்லை. "ஆடத் தெரியாது, சும்மா ஓடிப் பார்க்கலாம்னு வந்தேன்" என்று ஒரு மருந்துக்கடைக்காரர். "நான் வந்தா சிரிப்பாங்க" என்று பெருத்த உடம்புக்காரி ஒருத்தி. அவள் மூன்று நாள் வந்து மூன்று நாளும் திரும்பினாள்.

உன் 4,812-ஐயும் பார்த்தேன். அந்தக் கதவு உள்ளே போனாலும் ஒன்று ஏறுகிறது, வெளியே வந்தாலும் ஒன்று ஏறுகிறது. அதோடு, காவலாளி இருக்கிறாரே, எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும், நாங்கள் விசில் என்றே கூப்பிடுகிறோம், அவர் நாளுக்குப் பதினொரு தடவை டீக்குப் போகிறார். போக ஒன்று, வர ஒன்று. மாதத்துக்கு 660. "உங்களையும் சேர்த்து எண்ணுதே" என்றேன். "நானும் நடக்கிறேனே டீச்சர், எனக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அதைக் கழித்து, மீதியைப் பாதியாக்கு. 2,076. ஒரே ஆட்கள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறார்கள். ஆளாக எண்ணினால் நூற்று நாற்பது பேர்கூடத் தேறாது.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். பத்திரமாகத் திருப்பிக் கொடு.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நோட்டு கிடைத்தது. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. எப்போது தப்பாக இருந்திருக்கிறது?

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பதினோரு இடங்களையும் வண்டி நிறுத்துமிடமாக மாற்ற வேண்டும் என்று மன்றத்தில் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. என் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த எண். கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்தாகிவிட்டது. இப்போது போய், "ஐயா, அதில் பாதி வெளியே போனவர்கள், மீதியில் கொஞ்சம் காவலாளியின் டீ" என்று சொல்லச் சொல்கிறாயா? சிரித்துக்கொண்டே பதினோரு இடத்திலும் தார் போட்டுவிடுவார்கள். உன் பத்துப் பெண்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்பதற்காக ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் மைதானத்தையும் நான் பணயம் வைக்க வேண்டுமா?

நீ ஓய்வு பெற்றுவிட்டாய். சரியாக இருப்பது உனக்குச் சுலபம். என் ஆபீஸுக்குள் வந்து கணக்கு நோட்டுத் திருத்தாதே.

இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

வண்டி நிறுத்துமிடம் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதியதில் உனக்குச் சுமை கூடியிருக்கும். இரண்டு நாள் யோசித்தேன். நான் 20-ஆம் தேதி வரமாட்டேன். வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன். அந்த எண்ணை என்ன செய்வது என்பது உன் கையில். நோட்டைப் பற்றி இங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, உன் அத்தானைத் தவிர. அவரிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரியில் "வயது 61, திரும்பிப் போனார்" என்று இருக்கிறதே, அது யார் என்று நீ கேட்கவில்லை. நான்தான். ஓய்வு பெற்ற மறு மாதமே அந்தப் பெண்களோடு சேர்ந்துவிட்டேன். முதல் நாள் பந்து மூக்கில் பட்டு, சலவைக்கடைப் பெண் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். இரண்டு வருடம் ஆடினேன். எனக்கு சர்வீஸ் நன்றாக வரும். நீ நம்பமாட்டாய், மூன்று தடவை தொடர்ந்து வலைக்கு மேலே போட்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். அந்தப் பெருத்த உடம்புக்காரியைப் பற்றி நீ யோசிக்கும்போது என்னையும் யோசித்துக்கொள்.

இன்னொன்று. போன வியாழக்கிழமை தொப்பி போட்ட ஒரு ஆள் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகவும், நான்கு பஸ் போயும் ஏறவில்லை என்றும் விசில் சொன்னார். எனக்கு வீட்டு ஜன்னல் வழியாகவே தெரிந்தது. தொப்பி போட்டால் தலை மறையும், நம் வீட்டுக் காது மறையுமா? உன் அத்தான் கூப்பிடப் போனார். நான்தான் தடுத்தேன். நீ பார்க்க வந்ததை நீயே பார்த்து முடித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

டீ போட்டு வைத்திருந்தேன். ஆறிவிட்டது.

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான்.

வந்தது உன் நோட்டைப் பொய்யாக்கத்தான். ஐந்து மணிக்கு மைதானத்தில் ஒருவர்கூட இல்லை. விளக்கெல்லாம் எரிந்தது. பதிவு செய்த டீம் வரவே இல்லை. வேலிக்கு வெளியே ஏழு பெண்கள் பையும் கையுமாக நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் பந்து. நான் எழுந்துபோய் உன் விசிலிடம், "உள்ள யாருமே இல்லையே, இவங்களை விடக்கூடாதா?" என்று கேட்டேன். "புக்கிங் இருக்கு சார். வரலைன்னாலும் அது அவங்க நேரம்" என்றார். "இது என்ன நியாயம்?" என்றேன். "மேல இருக்கிறவர் மண்டையில என்ன இருக்குன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். மேலே இருக்கிறவனாகிய நான் தொப்பியைச் சரி செய்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வராமல் போன டீமுக்குத் தடை கிடையாது. அவர்களிடம் பத்து போன் இருக்கிறது, ஒன்று போனால் ஒன்று. உன் நர்ஸிடம் ஒரே போன். விதியை எழுதியது நான்தான். எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று மன்றத்தில் என் அறிக்கையை நானே திருத்தினேன். 4,812 என்பது கதவு சுற்றிய தடவை, ஆட்கள் நூற்று நாற்பதுக்குள் என்றேன். டீயையும் சொன்னேன். நீ நினைப்பதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். வண்டி நிறுத்துமிடக்காரர் எழுந்து, "அப்ப காவலாளிக்குத்தான் மைதானம் கட்டியிருக்கீங்க" என்றார். நான், "ஆமாங்க. மத்தவங்களுக்குக் கதவைக் கட்டிட்டோம்" என்றேன். பிறகு உன் நோட்டிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று காரணங்களையும் படித்தேன். முதலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரரின் வரி வரும்போது கொஞ்சம் அமைதியானார்கள். அந்தப் பெண் மூன்று நாள் திரும்பியதைப் படித்தபோது ஆணையர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பதினோரு மைதானமும் இப்போதைக்கு இல்லை. உங்கள் ஒன்றில் மட்டும் நவம்பர் 30 வரை சோதனை. தினமும் ஐந்திலிருந்து ஆறரை வரை பதிவு இல்லாமல் திறப்பு. அந்த நேரத்தில் கிரிக்கெட் கிடையாது, மட்டையை விசிலிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். பஸ் நிறுத்தப் பக்கம் இன்னொரு வாசல், அங்கே ஒரு விளக்கு. பந்தும் வலையும் விசிலின் அறையில், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஆளாக எண்ணி, நானூறு வெவ்வேறு பேர் வந்தால் பதினொன்றையும் மறுபடி எடுப்பார்கள். வராவிட்டால் எல்லாவற்றுக்கும் தார்தான், உங்களுடையதையும் சேர்த்து.

கூட்டம் முடிந்ததும் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. எண்ணுகிற வேலையை உனக்குக் கொடுக்கச் சொல்லி ஆணையரே எழுதிவிட்டார். சாவி ஒப்பந்தக்காரரின் மேஜையில் இருந்தது. இப்போது ஆணியில் தொங்கும். நோட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நடுவில் போட்ட துண்டுக் கடிதங்களில் எண்ணிக்கை மட்டும் எழுதினேன். இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது.

முதல் நாள் ஒன்பது பேர். நான் ஐம்பதை எதிர்பார்த்தேன். இரண்டாம் வாரம் மழை, இரண்டு பேர், அதில் ஒருவர் விசில். கதவைத் திறந்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு. மாதக்கணக்கில் திரும்பிப் போய்ப் பழகிய கால், திறந்த வாசலைப் பார்த்தும் திரும்புகிறது. அதனால் நோட்டில் உள்ள விலாசங்களுக்குப் போனேன், பள்ளிக்கூடத்தில் போன மாதிரியே. மருந்துக்கடைக்காரர், "வேகமா ஓட வேண்டாம்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். இப்போது தன் கடைக்கு வருகிற சர்க்கரை நோயாளிகளை எல்லாம் மாத்திரையோடு சேர்த்து இங்கே அனுப்புகிறார்.

அந்தப் பெண் வந்தாள். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், ஒருவன் சிரித்தான். விசில் விசிலை ஊதி, "சிரிக்கிறவங்க அஞ்சு சுத்து ஓடணும், இது புது ரூல்" என்றார். அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் அவன் ஓடினான். ஓடியவன் மறுநாளும் வந்தான். இரண்டு பேரையும் எண்ணிக்கொண்டேன்.

உன் அத்தான் வேலியோரமாக நடக்கிறார். நடுவில் வரமாட்டாராம். அதுவும் கணக்குத்தான். மட்டையைக் கொடுத்துவிட்டு வந்த கிரிக்கெட் கோஷ்டிகள் இரண்டு தடவை முறைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் அம்மா நடுவில் போய் நின்றதும் இடம் விட்டுவிட்டார்கள்.

இன்றைய தேதிக்கு முந்நூற்று எண்பத்தெட்டு பேர். பன்னிரண்டு குறைகிறது. பதின்மூன்று நாள் இருக்கிறது, ஆனால் இந்த வாரம் முழுக்க ஒரு புதுமுகம்கூட இல்லை. விசில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்னை ஒரு பன்னிரண்டு வாட்டி எழுதிக்கங்க டீச்சர். பேரை மட்டும் மாத்தி மாத்தி சொல்றேன்" என்றார். பாவம், எங்களுக்காகத்தான் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே வருகை போட்டாயிற்று என்றேன்.

நானூறு வராமல் போனால் தார் வந்துவிடும் என்று நர்ஸ் பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். சர்வீஸ் போடும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

நோட்டில் ஒரு பேருக்கு நேரே ஜூலையிலிருந்து ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வருகிறேன். ஒரு தடவை தொப்பியோடு வந்து வாசலில் திரும்பிப் போனவர். காரணம் கேட்டு எழுத இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அக்கா


டிசம்பர் 5

அக்காவுக்கு,

நேற்று மன்றக் கூட்டம். நீ கடைசி நாள் அனுப்பிய 396-ஐ 396 என்றே கொடுத்தேன். நான்கு குறைகிறதே என்று வண்டி நிறுத்துமிடக்காரர் எழுந்தார். ஆணையர், "போன தடவை இவர் நாலாயிரம்னு கொண்டு வந்தார், நாம யாரும் சரி பார்க்கலை. இந்தத் தடவை நாலு குறைச்சலா கொண்டு வந்திருக்கார். நான் இந்த எண்ணைத்தான் நம்புவேன்" என்றார். இழுபறியாகி வாக்கெடுப்பு வரை போனது. பதினொன்றில் நான்குக்கு அனுமதி. மூன்று வண்டிகளுக்குப் போய்விட்டது. மீதி நான்கு அடுத்த வருடம் பார்க்கலாமாம். உங்களுடையது நிரந்தரம், அந்த ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்து.

அந்த மூன்றை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. பொய் எண்ணைச் சொல்லியிருந்தால் அவையும் கிடைத்திருக்குமோ என்று தோன்றுகிறது. கிடைத்து, விளக்கு எரிய, பூட்டிக் கிடந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். புதிய நான்கு மைதானங்களுக்கும் வரைபடத்தில் முதலில் பஸ் நிறுத்தத்தைத்தான் குறித்தேன்.

ஆப்சென்டுக்குக் காரணம் கேட்டிருந்தாய். நவம்பர் முடிவதற்குள் வந்திருந்தால் என்னையும் எண்ணிவிடுவாயோ என்று பயம். அதிகாரியே எண்ணிக்கையில் இருந்தால் மறுபடியும் சிரிப்பார்கள். இன்னொரு காரணம், உன் முதல் கடிதத்தில் அந்தச் சைக்கிள் பத்தி. ஆறு மாதமாக அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. அத்தனை நாள் ஆடியதில் ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்து, நீயும் வா என்று கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வருகிறேன். பஸ்ஸில் இல்லை, சைக்கிளில். உன் சர்வீஸை எதிர்ப்பக்கம் நின்று எடுத்துப் பார்க்க வேண்டும். நீ ஆறரை மணி வரை உள்ளேயே இரு. சைக்கிளுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

தம்பி